அவசரம் லேது

1

போன வியாழக்கிழமை எங்கள் கல்யாண நாள், இருபத்தெட்டாவது. ஊரில் இருந்திருந்தால் வீட்டில் ஒரு பாயசம் வைத்து, ஞாபகம் இருந்தால் கோயிலுக்குப் போய், மறந்து தொலைத்திருந்தால் சண்டை போட்டு அன்றைய தினத்தை முடித்திருப்போம். இங்கிலாந்தில் அப்படி முடியாது. இங்கே கல்யாண நாள் என்றால் வெளியே போய்ச் சாப்பிட்டே தீர வேண்டும்.

நாங்கள் இருக்கும் சின்ன ஊரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் ஒரு பழைய பிரபுவின் மாளிகை இருக்கிறது. கன்ட்ரி ஹவுஸ் என்பார்கள். பிரபு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தனை பெரிய வீட்டைக் கட்டி மேய்க்க முடியாத வாரிசுகள் பின்பக்கத் தோட்டத்தில் மேஜை நாற்காலி போட்டு உணவகமாக்கிவிட்டார்கள். அங்கே இரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு என்று எங்கள் மகள் கயல் பரிசுச் சீட்டு அனுப்பியிருந்தாள். அனுப்பியது திருப்பதியிலிருந்து. பிச்சாட்டூரில் பிறந்த நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கிலாந்தில் பிறந்தவள் திருப்பதியில் இருந்துகொண்டு எனக்கு இங்கே சோறு போடுகிறாள். இந்தக் கணக்கை விசா அதிகாரிகள்தான் விளக்க வேண்டும்.

முதலில் 'மெட்ராஸ் சூப்' என்று ஒன்று வந்தது. அதில் மஞ்சள்பொடி இருந்தது, மெட்ராஸ் இல்லை. அடுத்து ஒரு பெரிய தட்டில் மூன்று கேரட், இலையோடு. பரிமாறிய பெண் அந்தக் கேரட் எந்தப் பாத்தியில் முளைத்தது, அதன் பரம்பரை என்ன, காலையில் யார் பிடுங்கினார்கள் என்று நின்று சொன்னாள். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விவரம் யாரும் சொல்லவில்லை.

"மாடு துன்ற மாதிரி தழையோட வச்சிருக்காங்களே" என்றேன் என் மனைவி செல்வியிடம்.

"துன்றது கின்றதுன்னு பேசாதீங்க. கல்யாண நாளும் அதுவுமா!" என்றாள். அவள் திண்டுக்கல்காரி. எங்கள் பக்கத்தில் மனிதர்களும் துன்னுவார்கள் என்பதை இருபத்தெட்டு வருஷமாக அவள் ஒப்புக்கொண்டதில்லை.

"நோ ரஷ்" என்று புன்னகைத்துவிட்டு அந்தப் பெண் போனாள். அவசரமே இல்லையாம், மெதுவாகச் சாப்பிடலாமாம். மூன்று கேரட்டை எவ்வளவு மெதுவாகத்தான் சாப்பிடுவது?

அப்போதுதான் கயலின் போன் வந்தது. அங்கே சாயங்காலம். ஸ்ரீ சிட்டியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"நைனா, அம்மா பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க. ஒரு நியூஸ். மூணு மாசம் முடிஞ்சிருச்சு. டாக்டர் எல்லாம் ஓகேன்னு சொல்லிட்டாங்க."

செல்வி கை துடைக்கும் துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் கேரட்டில் ஏதோ குறை போலிருக்கிறது என்று பார்த்தார்கள். நான் கேட்க வேண்டிய ஒன்றே ஒன்றைக் கேட்டேன்.

"நாங்க எப்ப கெளம்பி வரணும்மா?"

"அவசரம் லேது நைனா. அத்தம்மா இருக்காங்கல்ல, எல்லாம் பாத்துக்கறாங்க. ஐயோ, பஸ் வந்துருச்சு. அப்புறம் பேசறேன். ஹேப்பி ஆனிவர்சரி!"

அவ்வளவுதான். அத்தம்மா என்றது அவள் மாமியாரை. செல்விக்குத் தெலுங்கு தெரியாது. "அவசரம் இல்லையாம். நிதானமா டிக்கெட் போடலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேரட்டை எடுத்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழில் அவசரம் என்றால் வேகம், நேரமில்லை, சீக்கிரம் ஆகணும் என்று பொருள். தெலுங்கில் அதே அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை. சொல்லும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, பொருள் மட்டும் வேறு.

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் பிச்சாட்டூரில் எங்கள் வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்போம். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. முகத்தைப் பார்த்தே எந்தச் சொல் எந்த பாஷை என்று தெரிந்துவிடும். இங்கே வந்த பிறகு முகம் கிடைக்கவில்லை, போன்தான் கிடைத்தது.

எனக்கு இங்கே ஒரு பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடும் வேலை. எந்த பஸ் எத்தனை நிமிஷத்தில் எந்த நிறுத்தத்துக்கு வர வேண்டும் என்று எழுதுகிறவன் நான். அது வராமல் போனதற்கான காரணத்தை எழுதுகிறவனும் நான்தான். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்தவன் வாயில் அவசரம் என்ற சொல்லுக்கு வேறென்ன பொருள் இருக்கும்? காலையில் கயலைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது, "அவசரம், அவசரம்! ஷூ எங்க? துன்ட்டியா இல்லியா?" என்றுதான் வீடு முழுக்க என் குரல் கேட்கும். அவள் முதலில் கற்ற தமிழ்ச் சொற்களில் அவசரமும் ஒன்று.

அவள் என்னை நைனா என்று கூப்பிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சின்ன வயதில் அது அவள் வாயில் 'நானா' ஆனது. இங்கிலாந்தில் நானா என்றால் பாட்டி. "சாயங்காலம் என்னை நானா வந்து கூட்டிட்டுப் போவாங்க" என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். மீசையோடு நான் போய் நின்றேன். ஏதோ ஒரு பாட்டி வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், என்னிடம் குழந்தையை விடுவதற்கு முன் இரண்டு தாளில் கையெழுத்து வாங்கினாள்.

வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். அங்கே 'உன் தந்தையை எப்படி அழைப்பாய்?' என்ற கேள்விக்கு அவள் 'நைனா' என்று எழுத, பாடம் நடத்திய அம்மா சிவப்பு மையில் அடித்துவிட்டார். 'நான் காலையில் இட்லி துன்னேன்' என்பதற்கும் ஒரு அடி. "இது தமிழே இல்லைங்க" என்றார் என்னிடம். எனக்கு வந்த கோபம்! "எங்க ஊர்ல வந்து சொல்லிப் பாருங்க" என்று கத்திவிட்டு வந்தேன். கயல் அதற்குப் பிறகு தமிழ் வகுப்புக்குப் போக மாட்டேன் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. குழந்தைகள் பாஷையை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே எல்லாச் சங்கக் கூட்டங்களிலும் புலம்புகிறோம். என் பெண் விலகவில்லை. நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

ஆனால் தெலுங்கை அவளே கற்றுக்கொண்டாள். காரணம் ஹர்ஷா. திருப்பதிப் பையன், இங்கே மேல்படிப்பு படிக்க வந்தவன். படிப்பு முடிந்து ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒரு வருஷம் கழித்து, "எனக்கும் அங்கயே வேலை கெடச்சிருச்சு" என்றாள் கயல். எந்த மண்ணில் வேலை இல்லை என்று நான் கப்பல் ஏறாத குறையாக ஓடி வந்தேனோ, அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில்! எனக்குச் சிரிப்பு வந்தது, செல்விக்கு அழுகை வந்தது.

3

இரண்டு குடும்பமும் சந்திக்க வேண்டும் என்று போன வருஷம் ஊருக்குப் போனோம். என் அண்ணன் வீட்டில், பிச்சாட்டூரில் தங்கினோம். சந்திப்புக்கு இடம் பார்த்தது ஹர்ஷாவின் அம்மா சுஜாதம்மா. இங்கிலாந்திலிருந்து வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று தேடித் தேடிப் பிடித்திருக்கிறார்: திருப்பதியிலிருந்து சந்திரகிரி போகும் சாலையில் ஒரு கன்ட்ரி ஹவுஸ் கார்டன் ரெஸ்டாரன்ட்.

நல்ல மாந்தோப்பு அது. மரங்கள் மட்டும்தான் நிஜம். கீழே பிளாஸ்டிக் புல், மேலே தொங்கும் வெள்ளை விளக்குகள், பூப்போட்ட இரும்பு நாற்காலி, தொப்பி வைத்த சோளக்கொல்லைப் பொம்மை. ஓலைக் குடிசைக்குள் ஏசி. வாசலில் ஒரு சிவப்பு டெலிபோன் கூண்டு. இங்கிலாந்தில் எங்கள் தெருவில் இருந்த கூண்டை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஒருவேளை இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறதோ என்னவோ. நிமிர்ந்தால் திருமலை தெரிந்தது. அது இருந்ததால்தான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று நிச்சயமானது.

நானோ விமானம் ஏறியதிலிருந்து ராகி சங்கட்டி என்ற கேழ்வரகுக் களிக்கும் நாட்டுக்கோழிப் புலுசுக் குழம்புக்கும் நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்தவன். மெனுவை விரித்தேன். 'கன்ட்ரி சிக்கன்' என்று போட்டிருந்தது. "இது நாட்டுக்கோழிதானே? ஒரு பிளேட் கொண்டா!" என்று உரக்கச் சொன்னேன்.

சுஜாதம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கணவர் பிரபாகர், ஓய்வுபெற்ற காலேஜ் லெக்சரர், மெதுவாகச் சொன்னார்: "ஈ பொத்து சனிவாரம் கதா, அன்னைய்யா."

இன்று சனிக்கிழமையாயிற்றே என்கிறார். வெங்கடேசப் பெருமாளின் மலையடிவாரத்தில், சனிக்கிழமையன்று, சம்பந்தி வீட்டார் முன்னால் கோழி கேட்டிருக்கிறேன்! என் வீட்டிலேயே சனிக்கிழமை முட்டைகூட உடைக்க மாட்டார்கள். பெண் மாறிப்போகிறாள் என்று அத்தனை வருஷம் புலம்பியவனுக்குக் கிழமையே மறந்துபோயிருந்தது.

பன்னீர், காளான், ரொட்டி என்று வந்தது. வயிற்றுக்குள் போனது, மனதுக்குப் போகவில்லை. கோழியில் போன மானத்தை எப்படியாவது மீட்க வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. பிரபாகர் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். நான் விடவில்லை. "தெலுங்குலயே பேசுங்க சார். நான் தெலுங்கு மீடியம்!" என்று மார்தட்டினேன். அந்த ஒரு பெருமையை மட்டும் மடக்கி வைத்திருந்தால், நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சாப்பாடு முடிந்தது. கயலும் ஹர்ஷாவும் தொப்பிப் பொம்மைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கப் போனார்கள். சுஜாதம்மா காலடியில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு வெள்ளித் தட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், பட்டுத் துணி தெரிந்தது. முகம் மலர்ந்து கேட்டார்.

"அன்னைய்யா, ஈ பொத்தே தாம்பூலாலு மார்ச்சுகுந்தாமா?"

இன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்வோமா என்று கேட்கிறார். எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. அதே நொடியில் பிச்சாட்டூரில் இருக்கும் அண்ணன் ஞாபகம் வந்தது. மூட்டு வலியால் அன்று வரவில்லை. அவன் இல்லாமல் என் பெண்ணுக்குத் தாம்பூலம் மாற்றினால் அவன் மனசு என்ன ஆகும்? அடுத்த வாரம் அவனை முன்னால் உட்கார வைத்துச் செய்வோம், இப்போது அவசரமில்லை என்று சொல்ல நினைத்தேன். நினைத்தது தமிழில். வாயில் வந்தது இது:

"தாம்பூலானிக்கி அவசரம் லேதம்மா!"

தாம்பூலத்துக்குத் தேவையில்லை அம்மா. அதையும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னேன். போதாதென்று பெரிய மனசுக்காரன் மாதிரி இன்னொன்றும் சேர்த்தேன்: "பில்லலு சூசுகுண்டாரு." பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

சுஜாதம்மாவின் கை பையின் மேலேயே நின்றது. பிறகு மெதுவாக ஜிப்பை இழுத்து மூடினார். பிரபாகர், "சரே" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. ஆப்பிள் பை என்று ஒரு இனிப்பு வந்தது, யாரும் தொடவில்லை. வெயிலில் அதன் மேலிருந்த ஐஸ்கிரீம் உருகி ஓடியது. பண்பான ஜனங்கள், அளவாகப் பேசுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் செல்வி கேட்டாள். "அந்தம்மா முகம் ஏன் சுருங்கிப் போச்சு?"

"களைப்பா இருக்கும். வெயில் பாரு!" என்றேன்.

4

இரண்டு நாள் கழித்து, கயல் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கினாள். கண்கள் வீங்கியிருந்தன. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"நைனா, ஹர்ஷா அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலியே. நல்லாதானே பேசிக்கினு இருந்தோம்!"

"அவங்க ரெண்டு நாளா சரியா சாப்பிடல. இந்தச் சம்பந்தம் உங்க நைனாவுக்குப் பிடிக்கல, சடங்கு வேணாம், பிள்ளைங்களே பாத்துக்கட்டும்னு மூஞ்சிக்கு நேரா சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டார்னு அழறாங்க. எங்க வீட்டுத் தாம்பூலம் வேணாம்னா பொண்ணு மட்டும் எப்படி வருவாள்னு கேக்கறாங்க. ஹர்ஷா என்கிட்ட பேசவே இல்ல. ஏன் நைனா இப்படிப் பண்ணீங்க?"

"நானா வேணாம்னேன்? சாமி சத்தியமா இல்லம்மா!"

"எக்ஸாக்ட்டா சொல்லுங்க. ஒரு வார்த்தைகூட மாத்தாம."

சொன்னேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "நைனா, தெலுங்குல அவசரம்னா தேவை" என்றாள்.

"எனக்கே தெலுங்கு சொல்லித் தர்றியா? நான் தெலுங்கு மீடியம்..." என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே உறைத்தது. உடம்பெல்லாம் கூசிப்போனது. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு எழுதிய சொல், சந்தையில் தினம் நூறு தடவை காதில் விழுந்த சொல்! எப்படி மறந்தேன்?

உள்ளேயிருந்து அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். எல்லாம் கேட்டிருக்கிறது.

"டேய் கோபாலு, இன்னாடா இது? பிளேன்ல ஏறி அவ்ளோ தூரம் போய்க்கினு தெலுங்கைத் துன்னுட்டியா? தொந்தர லேதுன்னு சொல்றதுக்கு இன்னா கேடு?"

தெலுங்கில் அவசரத்துக்குச் சொல் தொந்தர. பின்னால் நின்ற செல்வி, "தொந்தரவா? அதெப்படிங்க சம்பந்திகிட்டப் போய்த் தொந்தரவுன்னு சொல்றது?" என்று கேட்டாள். அவ்வளவு துக்கத்திலும் கயல் சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததும் அழுகையும் வந்தது. அண்ணன் அவள் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தான். சிரிப்பில்லாத பார்வை.

"நைனாகிட்டயும் இதையேதான்டா சொன்ன நீ."

எங்கள் நைனாவைச் சொன்னான். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

மறுநாள் காலையில் நாங்கள் தாம்பூலத் தட்டோடு திருப்பதிக்குப் போனோம். அண்ணன் வலியோடு முன் சீட்டில் உட்கார்ந்தான். எனக்கு ஒரே ஒரு கட்டளை: வாயைத் திறக்கக் கூடாது. தமிழ், தெலுங்கு இரண்டும் தடை. கையில் தட்டு, முகத்தில் பணிவு, அவ்வளவுதான். அண்ணன் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சுத்தமான தெலுங்கில் நடந்ததைச் சொன்னான். என் தம்பி வெறும் மடையன், கெட்டவன் இல்லை என்பதுதான் சுருக்கம். என் தரப்பில் யாரும் இவ்வளவு நன்றாக வாதாடியதில்லை.

சுஜாதம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உள்ளே போய் அந்தப் பையை எடுத்து வந்தார். வெற்றிலை வாடிப்போயிருந்தது. மாற்றக்கூட இல்லை, அப்படியே வைத்திருந்தார். நாங்கள் கொண்டுபோன வெற்றிலையை இரண்டு தட்டிலும் பாதிப் பாதி வைத்து மாற்றிக்கொண்டோம். கல்யாணத்துக்கு இலையில் சங்கட்டி போட்டார்கள். சனிக்கிழமை இல்லாத நாளாகப் பார்த்து முகூர்த்தம் வைத்தது எனக்காகத்தான் என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

5

இப்போது அந்த நைனா விஷயம்.

கயல் பிறக்கப்போகும்போது என் நைனா பிச்சாட்டூரிலிருந்து போன் செய்தார். எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு கத்துவார். "நாங்க வரட்டுமாடா? அம்மா வந்தா ஒத்தாசையா இருக்குமில்ல?" என்றார். எங்களுக்கு அப்போது ஒரே அறை. செல்விக்கும் என் அம்மாவுக்கும் ஒத்துப்போகாது. அதோடு, உண்மையைச் சொன்னால், வேட்டி கட்டிய நைனாவை டிப்போ ஆட்களிடம் எப்படி அறிமுகப்படுத்துவது என்றும் ஒரு கூச்சம் இருந்தது. அதெல்லாம் சொல்ல முடியுமா? "அவசரம் இல்ல நைனா. மெதுவா வரலாம்" என்றேன்.

அவர் சரி என்றார். பிறகு கேட்கவே இல்லை. வரவும் இல்லை. இரண்டு வருஷத்தில் நைனா போய்விட்டார், அடுத்து அம்மா. நைனா காரியத்துக்குப் போனபோது அண்ணன் ஒரு பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தான். நைனாவுடையது. பாஸ்போர்ட் ஆபீஸ் வரை போய் வரிசையில் நின்று எடுத்திருக்கிறார். எல்லாப் பக்கமும் வெள்ளை.

நான் சொன்னது தமிழில்தான். சத்தியமாகத் தமிழில்தான் சொன்னேன். மனசுக்குள் இருந்தது தெலுங்கு அவசரம். நைனாவுக்கு முகம் பார்க்காமலே அது புரிந்துவிட்டது.

அதனால்தான் வியாழக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கயல் என்னோடு பேசுவது பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. அவசரம் என் வாயிலிருந்து கற்ற தமிழ். லேது அவள் மாமியாரிடம் கற்ற தெலுங்கு. மெதுவா வாங்க என்றாளா? வரத் தேவையில்லை, அத்தம்மா பார்த்துக்கொள்வார் என்றாளா? நேரே கேட்கலாம். கேட்டால், ஐயோ அப்படியெல்லாம் இல்ல நைனா என்பாள். நல்ல பெண். என் நைனா என்னை நேரே கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

செல்வியிடம் சொன்னதற்கு, "உங்களுக்குப் பைத்தியம் முத்திருச்சு. அவ எதார்த்தமா சொன்னா. தலைப்பிரசவம், நான் போகாம யாரு போவா?" என்றாள். அவளுக்குக் கவலையில்லை. தாய் போவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்? கோழி கேட்கவா?

ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பயணத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். என்னிடம் இருப்பது இங்கிலாந்து பாஸ்போர்ட். ஊருக்குப் போக இந்திய வம்சாவளி அட்டை வேண்டும். அதைப் புதுப்பிக்கும் படிவத்தில் பிறந்த மாவட்டம் கேட்கிறார்கள். பழைய தாள்களில் சித்தூர். இடையில் மாவட்டத்தைப் பிரித்து, பிச்சாட்டூரைத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். நான் ஊரை விட்டு வந்த பிறகு ஊரும் இடம் மாறிவிட்டது. சந்தேகம் கேட்கும் எண்ணுக்குப் போன் செய்தேன்.

"சார், நீங்கள் பிறந்தது சித்தூரா, திருப்பதியா?"

"பிறக்கும்போது சித்தூர். இப்போது திருப்பதி."

"ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் சார்."

டிப்போவில் நீண்ட விடுப்புக்கு வேறொரு படிவம். அதில் இரண்டு கட்டம் இருக்கிறது: 'அர்ஜென்ட்', 'நெசஸரி'. உடனடியா, அவசியமா என்று பிரித்துக் கேட்கிறார்கள். ஏதாவது ஒன்றில்தான் குறி போட வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு தேநீர் ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன். என் மேலாளர் எட்டிப் பார்த்து, "அது விடுப்புப் படிவம்தானே? ஏன் இப்படி முழிக்கிறாய்?" என்றார். ஒரு தேசத்து ஜனங்கள் எங்கள் ஒரு சொல்லை இரண்டு கட்டமாக உடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

6

இன்று காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். நான் போட்ட அட்டவணைப்படி வர வேண்டிய பஸ் வரவில்லை. போனை எடுத்தேன். கயலுக்குச் செய்தி எழுத ஆரம்பித்தேன். 'நாங்கள் வருவது உனக்குச் சிரமமாக இருக்குமா' என்று எழுதி அழித்தேன். 'அம்மா மட்டும் வரட்டுமா' என்று எழுதி அதையும் அழித்தேன். 'நீ வேண்டாம் என்றாலும் வருத்தமில்லை' என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கே கோபம் வந்தது. வருத்தமில்லையாவது! கோழி கேட்டு, தாம்பூலத்தைக் கெடுத்து, அத்தனைக்குப் பிறகும் எனக்கு அந்தக் குழந்தையைக் கையில் வாங்க வேண்டும். என் நைனா வாங்காமல் போனதையும் சேர்த்து வாங்க வேண்டும். கேட்காமலே இருந்துவிட்டால் நானும் அவரைப் போலவே இருந்துவிடுவேன்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டே சொல் எழுதி அனுப்பினேன்.

'எனக்கு அவசரம்.'

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டியது. பதில் வந்தது.

'எந்த பாஷைல நைனா?'

அவளும் யோசித்திருக்கிறாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தேன்.

'ரெண்டுலயும்மா.'